ஊர் அடங்கியது, ஸ்பேனர் அடங்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். பென்ஸ், ஜாகுவார், ரோல்ஸ் ராய்ஸ் என்று எதை வேண்டுமானாலும் வரிசையாக நிறுத்துங்கள். ஓரமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றால் என் கால் அங்கேதான் போகும். அப்படியொரு பைத்தியம். இதே பைத்தியம் பிடித்த இன்னும் சில பேர் சேர்ந்து சென்னையில் நடத்துகிற சின்ன பழைய கார் கிளப்பில் நானும் ஒருவன். கொரோனா காலத்தில் எங்கள் ஆட்கள் செய்த காரியங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் ஜாதகம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கார் அது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. 1961 முதல் நம் பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தார்கள். கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்டு. எஞ்சின் வெறும் 948 சி.சி. பானட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினில் வேலை என்றால் முன் டயர் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளலாம். இன்றைய கார்களில் பானட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் நம்மை வரவேற்கிறது. ஹெரால்டில் எல்லாமே கண் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில்.

கொரோனாவுக்கு முன்னால் எங்கள் கிளப் எப்படி இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். சாலையில் ஒரு ஊர்வலம். வழியில் இட்லி, வடை, காபி. வருடத்துக்கு ஒரு கண்காட்சி. குரோமியம் பம்பரில் முகம் பார்க்கிற அளவுக்குத் துடைப்பவர்களுக்குக் கோப்பை. அழுக்கு வேலை எல்லாம் மெக்கானிக் தலையில். உறுப்பினர்களில் பாதிப் பேருக்குத் தன் வண்டியின் டைனமோ எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஊர்வலமும் போச்சு, மெக்கானிக்கும் வர முடியாது. கிளப்புக்கு அதைவிட நல்ல காலம் வந்ததே இல்லை என்பேன்.

நின்றுபோன பழைய வண்டி வேகமாகக் கெடும். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் பிசினாக மாறி ஜெட்டை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து உப்ப வைக்கும். ஹேண்ட் பிரேக் போட்டபடி விட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். இவற்றுக்கெல்லாம் மேலே எலி. எங்கள் வாட்ஸப் குழுவில் அது வரைக்கும் 'குட் மார்னிங்' படங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஏப்ரலில் அது பாடசாலையாக மாறியது. ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடு, பேட்டரி வயரைக் கழற்றி வை, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணினால் ரெண்டு நிமிஷத்தில் அணைக்காதே, எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும் என்று ஆளுக்கு ஆள் குறிப்புகள். வங்கி மேனேஜர் ஒருவர் ஜாக்கி போட்டுத் தன் மோரிஸ் மைனரை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திய படத்தை அனுப்பியபோது குழுவே கைதட்டியது.

இந்தப் பாடசாலைக்கு வாத்தியார் எங்கள் பாய். பெயர் போட்டால் திட்டுவார், அதனால் பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஹெரால்டுகள் புதிதாக ஓடிய காலத்திலேயே ஸ்பேனர் பிடித்தவர். வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று மகன்கள் தடை போட்டுவிட்டார்கள். ஆகவே ஞாயிறு காலை ஜூமில் வருவார். முதல் வகுப்பில் ஒரு வேடிக்கை. எஞ்சினை ஓடவிட்டுப் போனைப் பக்கத்தில் பிடித்தால் பாய் காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஜூம் நம் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வடிகட்டிவிடுகிறது. எங்களுக்கோ அந்த இரைச்சல்தான் சங்கீதம்! பிறகு வாட்ஸப்பில் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தோம். பாய் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்பார். "தம்பி, அது டேப்பட் சத்தம். பத்து தவ் கேஜ் வச்சிருக்கியா? எஞ்சின் ஆறினப்புறம் வை. உள்ள போவணும், ஆனா லேசா இழுக்கணும்." சொன்னபடி வைத்தால் சத்தம் போயே போச்சு. எஞ்சினைக் கண்ணால் பார்க்காமலே வியாதி சொல்கிற இந்த வித்தைக்கு எந்தப் பட்டம் கொடுப்பது?

ஜூன் பின்பாதியில் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. காய்கறிக்குக்கூட இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துதான் போக வேண்டும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சாத்திக் கிடந்தன. டிங்கர், பெயின்டர், சீட் தைப்பவர், லேத் பட்டறைக்காரர் யாருக்கும் வருமானம் இல்லை. கிளப் அவர்களுக்கு வருங்கால வேலைகளுக்கான அட்வான்ஸை முன்கூட்டியே அனுப்பியது. தர்மம் என்று கொடுத்தால் வாங்க மாட்டார்கள், வேலைக்கு முன்பணம் என்றால் வாங்குவார்கள். இந்த யோசனையைச் சொன்னது கிளப் கூட்டங்களில் வாயே திறக்காத ஒரு உறுப்பினர். கண்காட்சிக் கோப்பைகளுக்கு வைத்திருந்த பணமும் அதிலேயே போனது. நல்லதாகப் போயிற்று.

இதற்கு நடுவில்தான் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. பூட்டிய செட்டிநாட்டு வீடு ஒன்றின் கார் கொட்டகையில், விறகுக் கட்டுகளுக்குப் பின்னால், இரண்டு கதவு ஹெரால்டு. கூரைமேல் கோழி. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்த நேரம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததே எங்களுக்குப் பொழுதுபோக்கானது. செப்டம்பரில் இ-பாஸ் கட்டுப்பாடு நீங்கியதும் கிளம்பிவிட்டோம். வீட்டுக்கார ஆச்சி முகக்கவசத்துக்கு மேலே எங்களை அளந்து பார்த்தார். "எங்க அப்பச்சி வாங்குன வண்டி தம்பி. எடுத்துட்டுப் போங்க. இரும்புக் கடைக்கு மட்டும் போட்றாதீங்க." அவ்வளவுதான் பேரம். நாங்கள் கொடுத்த தொகையை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியைப் பிரித்த கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஹெரால்டு பிறந்த சமயத்தில் உலகம் ஒரே கூடாகச் செய்த பாடிக்கு மாறிக்கொண்டிருந்தது. டிரையம்ப்காரர்களுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த கம்பெனியையோ போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய பாணியில் தனி சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் பாடி, எல்லாவற்றையும் போல்ட்டால் முறுக்கு என்று இறங்கினார்கள். அன்றைய அவர்களுடைய தலைவலி, இன்றைக்கு எங்களுக்கு வரப்பிரசாதம். அரை இஞ்ச், ஏழு-பதினாறு ஸ்பேனர்கள் இருந்தால் போதும், கூரையைக்கூடத் தனியாகக் கழற்றித் திண்ணையில் சாய்த்து வைக்கலாம். அப்படித்தான் செய்தோம். ஒரே இடத்தில் கூட்டம் கூடக் கூடாது என்பதால் வண்டி வீடு வீடாகப் பிரிந்து போனது. எஞ்சின் அண்ணாநகர், கியர் பெட்டி திருவான்மியூர், கதவுகள் பல்லாவரம், சேஸிஸ் மட்டும் போரூரில் ஒரு காலி மனைக் கொட்டகையில். சென்னை முழுக்க ஒரே கார் பரவிக் கிடந்தது!

முன் சக்கரத்தின் அடி மூட்டுக்கு டிரன்னியன் என்று பெயர். ஹெரால்டின் உயிர்நாடி அது. கம்பெனி புத்தகம் அதில் ஆயில் விடச் சொல்கிறது, நம்மூரிலோ காலங்காலமாகக் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் மரையின் உள்வரைக்கும் போகாது. ஈரம் தங்கி அரித்து, ஒரு நாள் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். காரைக்குடி வண்டியில் பிரித்துப் பார்த்தால் மரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதிய ஜோடி இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், விமானங்களோ குறைவு. பார்சல் எங்கே இருக்கிறது என்று எங்கள் பொருளாளர் தினமும் காலையில் போனில் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரர் ராசிபலன் பார்ப்பதைவிடத் தீவிரமாக இருந்தது.

வயரிங்தான் இந்தத் திட்டத்தின் கோபுரம். எலி மிச்சம் வைத்தது அரை முழம். ஓய்வு பெற்ற மின்னணுப் பொறியாளர் ஒருவர் அதைத் தானே செய்வதாக ஏற்றுக்கொண்டார். சாப்பாட்டு மேஜைமேல் பிளைவுட் பலகை போட்டு, வண்டியின் நீள அகலத்துக்குப் பென்சிலால் கோடு கிழித்து, திருப்பங்களில் ஆணி அடித்து, ஒவ்வொரு வயராக இழுத்தார். அதுவும் பழைய லூகாஸ் நிற வரிசைப்படி. பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, ஃபியூஸைத் தாண்டியது பச்சை, பார்க்கிங் விளக்கு சிவப்பு, ஹெட்லைட் நீலம், எர்த் கறுப்பு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஹை பீம், சிவப்புக் கோடு ஓடினால் டிப். எல்லாம் முடிந்ததும் பிளாஸ்டிக் டேப்பைத் தொட மறுத்துத் துணி நாடாவைச் சுற்றினார், அந்தக் காலத்தில் அப்படித்தானாம். அவர் மனைவி ஜூமில் தலையை நீட்டி, "நாங்க தரையில உக்காந்து சாப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சுன்னு கேளுங்க" என்றார். கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் ஹாரன் வயரைக் காட்டினார். அந்த வயர்க்கட்டை இன்றைக்கு டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினால் நான் விசில் அடிப்பேன். யாராவது கோப்பை கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள், பம்பர் துடைத்ததற்கு அல்ல.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை. சேஸிஸின் பக்கக் கைகளுக்குப் புதுத் தகடு வைத்துப் பாதி பற்றவைத்திருந்த நேரம். ஆக்சிஜன் தட்டுப்பாடு உச்சத்துக்குப் போக, தொழிற்கூடங்களுக்கு ஆக்சிஜன் தருவதை மத்திய அரசு நிறுத்தியது. கேஸ் வெல்டிங் படுத்தது. எங்கள் டிங்கர் தன்னிடம் இருந்த சிலிண்டர்களையும் கொடுத்தனுப்பிவிட்டு, "மூச்சுக்கு வேண்டியதை இரும்புக்கு ஊதுறதா சார்?" என்றார். எங்களில் சிலருடைய வீடுகளிலும் அந்த மாதங்கள் நல்லபடியாகக் கழியவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. போரூர்க் கொட்டகை பூட்டியே கிடந்தது.

திறந்தபோது வேகம் பிடித்தது. சிலிண்டர் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். அந்த பிஸ்டன் செட்டு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடை ஒன்றின் பரணில், எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் கிடைத்தது. பெயின்ட் விஷயத்தில் கிளப் இரண்டாகப் பிளந்தது. பி.யூ. பெயின்ட் பளபளக்கும், நாள்பட நிற்கும் என்றது ஒரு கட்சி. நான் பழைய பாணி என்.சி. பெயின்ட் கட்சி. அறுபதுகளின் கார் மேல் கண்ணாடிப் பளபளப்பு எனக்குப் பொய்ப்பல் மாதிரித் தெரிகிறது. டேஷ்போர்டைக் கழற்றியபோது அடியில் வெயில் படாத ஒரு சாண் அளவுக்கு அசல் நிறம் இருந்தது. கண்ணாடிப் பளபளப்பு இல்லாத வெளிறிய நீலம். அதைக் கண்ட பிறகு வாக்குவாதமே நின்றது. நான் ஜெயித்தேன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஓடியதா? கேட்காதீர்கள், வந்து பாருங்கள்! முதல் செல்ஃபுக்கே பிடித்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டு பாய் நேரில் வந்திருந்தார். சோக்கைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி, ஸ்லோ ஸ்பீடு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, கையைத் துடைத்துக்கொண்டு "போங்க" என்றார். மயிலாப்பூரின் குறுகிய தெருவில் பால் வேனுக்கும் பூக்கடைக்கும் நடுவே ஒரே வீச்சில் திருப்பினேன். ஹெரால்டு திரும்பும் வட்டம் சுமார் 25 அடிதான், லண்டன் டாக்சிக்குச் சமம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதை மறந்து பார்த்தார். ஸ்டியரிங் வெண்ணெய்! ஆனால் வளைவுகளில் மரியாதை வேண்டும். பின்பக்கம் குறுக்கே ஓடும் ஒற்றைக் கமான் பட்டையும் ஊசலாடும் ஆக்ஸிலும் கொண்ட வண்டி இது. வேகமாக வளைத்துக்கொண்டு சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். காதலி என்பதற்காகக் குறையை மறைக்க மாட்டேன்.

2021 ஜூலையில் வின்டேஜ் வாகனங்களுக்கான விதிகளும் வந்தன. 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் கார்களையும் இருசக்கர வண்டிகளையும் தனியாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் 'வி.ஏ.' எழுத்துகள், பத்து ஆண்டுச் செல்லுபடி. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை எனக்குக் கசக்கிறது, பால் வாங்கக்கூட ஹெரால்டில் போகிறவன் நான். ஆனாலும் பழைய வண்டி என்றாலே உடைக்க வேண்டிய இரும்பு என்று பேச ஆரம்பித்திருந்த நேரத்தில், இதற்கும் ஒரு சட்ட இருப்பிடம் கிடைத்ததே பெரிது.

ஆச்சிக்கு வீடியோ காலில் வண்டியைக் காட்டினோம். ஹாரனை அடிக்கச் சொன்னார். அடித்தோம். "அப்பச்சி காலத்துல இதைவிடச் சத்தமா இருக்கும்" என்றார். வயரிங் பொறியாளர் முகம் சுண்டிவிட்டது. மறுவாரமே ஹாரனைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்.

போரூர்க் கொட்டகையில் இப்போது ஒரு ஸ்டாண்டர்டு கசெல் நிற்கிறது, ஹெரால்டுக்குப் பிறகு எழுபதுகளில் அதே தொழிற்சாலையில் வந்த நான்கு கதவு வண்டி. எஞ்சின் தயார், இடது பின் விளக்கின் கண்ணாடி மட்டும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ ஒன்று கிடந்தால் விலையை நீங்களே சொல்லுங்கள். காபி எங்கள் செலவு.