துள்ளலும் ஒப்பாரியும்: ‘என்ஜாய் என்ஜாமி’ பாடலை முன்வைத்து

2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாஜா நிறுவனத்தின்வழி வெளிவந்த ‘என்ஜாய் என்ஜாமி’, திரைப்படம் சாராத தமிழ்ப் பாடல்களுள் பெரும்புகழ் ஈட்டிய ஒன்றாகும். அறிவும் தீயும் பாடிய இப்பாடல் சந்தோஷ் நாராயணனின் இசையாக்கத்தில் உருவானது. பினாங்கில் திருமண விருந்துகளிலும் மாணவர் கலைநிகழ்ச்சிகளிலும் இளையோர் இதற்கு ஆடுவதை நாம் கண்டுள்ளோம். இது கொண்டாட்டப் பாடல் என்பதே பொதுவான எண்ணம். ஆயின், சொற்களைத் தனியே எடுத்து வாசிப்போர்க்கு நிலமிழந்தோரின் புலம்பலே புலப்படும். இம்முரணை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பாடலின் முற்பகுதி முன்னோர் விட்டுச்சென்ற நிலத்தையும் நீர்நிலையையும் பேசுகிறது. அவை மனிதர்க்கு மட்டுமன்றி நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும் உரியவை என்கிறது. பிற்பகுதியில், மரம் நட்டுத் தோட்டம் வளர்த்த ஒருவரின் குரல் கேட்கிறது. தோட்டம் செழித்தது, வளர்த்தவரின் தாகமோ தீரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே இப்பாடலுக்கு ஊற்று என அறிவு கூறியுள்ளார். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. இதனை நினைவிற்கொண்டால், அத்தாகம் ஒரு குடும்பத்தின் தாகம் மட்டுமன்று என்பது தெளிவாகும்.

தலைப்பும் இருபொருள் பட அமைந்துள்ளது. ஆங்கிலச் சொல்லாகக் கொண்டால் அது மகிழ்ந்திரு என்கிறது. தமிழ்ச் செவியில் ‘என் தாயி, என் சாமி’ என்றும் ஒலிக்கிறது. ‘சாமி’ என்பது பாட்டி பேரப்பிள்ளையைக் கொஞ்சும் சொல். கூலியாள் நிலவுடைமையாளரைக் குனிந்து விளிக்கும் சொல்லும் அதுவே. நிலத்தைப் பறித்தவர் யார் எனப் பாடல் எங்கும் வெளிப்படையாகக் கூறவில்லை. எமது வாசிப்பில், அவர் இவ்வொரு விளியில் மட்டுமே மறைந்து நிற்கிறார்.

துள்ளலிசை துயரை மறைக்கும் முகமூடி என்பார் உளர். இது பொருத்தமான விளக்கமாகத் தோன்றவில்லை. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிப்பதைக் காட்டி, இவ்வுலகின் கொடுமையை எண்ணி வருந்துகிறார். அங்கு மனைகள் இரண்டு. உழைக்கும் மக்களின் இசைமரபிலோ இரண்டும் ஒரே மனையில் ஒலிக்கின்றன. இறந்தோர் வீட்டில் விரைந்த தாளத்தோடு பாடப்படும் சென்னையின் மரண கானா இதற்குச் சான்று. கானாக் கலைஞர்கள் இடம்பெற்ற ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் அறிவும் பாடியவர் என்பது இங்கு நினையத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கையும், உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகக் கூறுகிறது. இப்பாடலின் சொல்லில் இழவும் வறுமையும் உள்ளன. தாளத்தில் விளையாட்டு உள்ளது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. அழுதுகொண்டே ஆடத் தெரிந்தோரின் கலை இது.

இதனை மலேசியத் தமிழர் பிறர் கதையாகக் கேட்க இயலாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமைக் கடந்து, பினாங்குக் கரையை அடைந்தோர் வளர்த்த தோட்டங்களும் செழித்தன. ஜார்ஜ்டவுனின் குளுகோர் பகுதியில் இருந்த கம்போங் புவா பாலாவில், பழைய பிரௌன் தோட்டத்து உழைப்பாளரின் வழித்தோன்றல்கள் மாடு வளர்த்து வாழ்ந்தனர். நில உரிமை வழக்கில் குடியிருந்தோர் தோற்றபின், 2009ஆம் ஆண்டில் அக்கிராமம் இடிக்கப்பட்டது. மூதாதையர் உழைப்பு ஒருபுறமும் உரிமை ஆவணம் மறுபுறமும் நிற்கையில், சட்டத்தின்முன் எது வெல்லும் என்பதை நாம் அன்று கண்டோம். பாடலின் தீராத் தாகத்திற்கு இதனினும் அண்மையான உரை நமக்குத் தேவையில்லை.

பாடலில் குறையே இல்லை என்பது எமது கருத்தன்று. பாடலின் விரைவு சில சொற்களைச் செவிக்கு எட்டவிடாமல் செய்கிறது. காட்சிகளின் வண்ணப் பொலிவு கண்ணை நிறைத்துச் செவியைப் பின்தள்ளுகிறது. எனினும், பொருள் நழுவுவதற்குப் பாடல் மட்டுமே பொறுப்பன்று. தோட்டத்தை விட்டு நகர்க்கு வந்த தலைமுறை, தப்பிசை திருவிழாவிற்கும் இழவிற்கும் பொதுவானது என்பதை மறந்துவருகிறது. ஆதலின், தமிழாசிரியர்கள் இப்பாடலை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுதல் நன்று. மாணவர் ஆடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆடி முடித்தபின், அவரவர் பாட்டியார் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று கேட்டுவரச் சொன்னால் போதும். பாடலின் பொருள் விளக்கம் அங்கிருந்தே தொடங்கும்.