உப்பில்லாக் கீரையும் ஞாயிற்றுக்கிழமை வாழையிலையும்

நம் சிறுகதைகளில் யாராவது நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது? மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளை விடாமல் வாசிக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். சாப்பாடு நிறைய வருகிறது. ஆனால் வரும்போதெல்லாம் வேறு எதற்கோ சாட்சி சொல்லத்தான் வருகிறது. கருவாடும் சோறும் என்றால் வறுமை. கோழிக்கறி என்றால் அப்பா வட்டிக்காரனிடம் போய்வந்திருக்கிறார். பிள்ளைகள் பர்கர் கடிக்கிறார்கள் என்றால் பண்பாடு அழிந்துகொண்டிருக்கிறது. பசிக்காக, ருசிக்காக, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்காக ஒருவர் சாப்பிடுகிறார் என்றால் அதற்கு அரைப்பக்கம்கூட ஒதுக்க நம் கதையாசிரியர்களுக்கு மனசு வருவதில்லை.

வெளியே போய்வருவதற்கும் பரிசு வாங்கிக் கொடுப்பதற்கும் இதே கதிதான். ஒரு கதை சொல்கிறேன். தலைப்பு, ஆசிரியர் பெயர் எல்லாம் வேண்டாம். ஒருவர் எழுதிய கதை இல்லை இது, பலர் பல தீபாவளி மலர்களில் எழுதியது. மேரு பக்கம் ஒரு தாமானில் வயதான அப்பா. முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகன் கோலாலம்பூரில் வேலை. பண்டிகைக்கு முதல்நாள் காரில் வந்து இறங்குகிறான், கையில் ஒரு பெட்டி. விலை உயர்ந்த கைப்பேசியோ பட்டுச் சட்டையோ இருக்கும். அப்பாவைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போய்க் குளிர்சாதன அறையில் உட்கார வைத்து ஏதோ வாங்கித் தருகிறான். அப்பாவுக்கு அது இறங்கவில்லை. மகன் போனபிறகு பெட்டி திறக்கப்படாமல் மேசைமேல் கிடக்கிறது. அப்பா பழைய லயத்து வீட்டை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். முடிந்தது.

இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட அப்பாக்களும் மகன்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எழுதியவர் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். நகரம் துரோகம், பரிசு குற்ற உணர்ச்சிக்கான கப்பம், உணவகம் அந்நிய இடம். இப்படி முடிவு செய்துவிட்டால் மனிதர்களைப் பார்க்க வேண்டிய வேலை மிச்சம். அந்த அப்பா பெட்டியைப் பிரித்து, சட்டையை மோந்து பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் "மவன் வாங்கியாந்தான்" என்று சாக்குச் சாக்காகச் சொல்லிக் காட்டியிருந்தால்? அது இலக்கியமாகாது என்று நமக்கு யார் சொன்னது?

இதற்குக் காரணம் உண்டு. நம் புனைவின் முதுகில் இருக்கும் பாரம் சாதாரணமானதல்ல. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டும் ஜப்பானியர் காலத்து ரயில்பாதையில் செத்தவர்களைப் பேசுகின்றன. 'லங்காட் நதிக்கரை' அவசரகாலத்தைப் பேசுகிறது. ம. நவீனின் 'பேய்ச்சி'க்குப் பின்னால் 1981இல் லுனாஸில் நடந்த சம்சு மரணங்கள் இருக்கின்றன. அந்த நாவல் 2020இல் தடையும் செய்யப்பட்டது. இவற்றை எழுதியவர்கள் எழுதியே ஆகவேண்டியதை எழுதினார்கள். என் சண்டை இவர்களோடு இல்லை. இவர்களுக்குப் பின்னால் வந்த நாம், துன்பத்தை அடையாள அட்டை மாதிரி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டினால்தான் கதைக்குள் விடுவார்கள் என்று நம்பத் தொடங்கிவிட்டோமே, சண்டை அதோடுதான்.

"பட்ட கஷ்டத்தை எழுதாமல் சாப்பாட்டையும் சேலையையுமா எழுதுவது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் படிக்கச் சொல்வேன். ஆற்றுப்படை என்றாலே சாப்பாடு, பயணம், பரிசு இந்த மூன்றும்தான். பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான்: இப்படிப் போ, இங்கே இது கிடைக்கும், அங்கே அவர் கொடுப்பார். வேட்டுவர் ஊரில் புளி சேர்த்த சூடான சோறும் சுட்ட இறைச்சியும், உழவர் ஊரில் வெள்ளைச் சோறும் நண்டும் என்று ஊர் ஊராகச் சாப்பாடு மாறுகிறது. கடைசியில் நல்லியக்கோடன் தானே நின்று பரிமாறுகிறான், மெல்லிய துணி கொடுக்கிறான், தேர் கொடுத்து அனுப்புகிறான்.

இதே பாட்டுக்குள்தான் தமிழில் எழுதப்பட்ட மிகக் கொடிய வறுமைக் காட்சிகளில் ஒன்றும் இருக்கிறது. கூரை சரிந்த அடுக்களை. சுவரில் காளான். குட்டி போட்ட நாய்க்குப் பால் இல்லை. கண் திறக்காத குட்டிகள் முட்டும்போது வலி தாங்காமல் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாள்.

நண்டும் சோறும் இருக்கிற பாட்டில்தான் அந்த உப்பில்லாக் கீரை இவ்வளவு உறைக்கிறது. ருசி தெரிந்த நாக்கு என்று நமக்குத் தெரிந்துவிட்டதால்தான் உப்பு இல்லாதது இழப்பாகிறது. நம் கதைகளில் கீரை மட்டும் இருக்கிறது, நண்டு இல்லை. அதனால் கீரையும் பத்தோடு பதினொன்றாகப் போய்விடுகிறது.

இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. நம் கிள்ளான் மாவட்டத்திலேயே. 1941இல் இங்கே தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் தலைமை. சூடு நடந்தது, தொழிலாளர்கள் இறந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். இதெல்லாம் கொஞ்சம் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பொறுமையாக வாசித்தவர்கள் குறைவு. சம்பளம், பள்ளிக்கூடம், மருத்துவம், பெண்களிடம் அத்துமீறல் கூடாது என்பவற்றோடு இன்னும் சில இருந்தன. உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

சொந்தக்காரர் வீட்டுக்கு வருவது, வந்தவருக்கு ஏதோ ஆக்கிப் போடுவது, சைக்கிளில் ஏறினால் இறங்காமல் போகவேண்டிய இடம் வரை போவது. நாம் "சின்னச் சின்னச் சந்தோஷம்" என்று தள்ளுகிறவற்றைத்தான் அவர்கள் சம்பள உயர்வோடு ஒரே தாளில் எழுதினார்கள். அதே தாளில் கள்ளையும் வேண்டாம் என்றார்கள். அதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்துக்குள் சுலபமாகக் கிடைத்த இன்பம் கள் ஒன்றுதான். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதில் தங்களுக்குச் சந்தோஷம் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள். இன்பத்தைப் பற்றி இவ்வளவு தெளிவான விமர்சனத்தை நம் விமர்சகர்கள் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கோரிக்கைத் தாளை மனதில் வைத்துக்கொண்டு இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். மேருவிலிருந்து ஒரு குடும்பம் கிள்ளானுக்குக் கிளம்புகிறது. அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, அப்பா லோரி ஓட்டுகிறார். இரண்டு பேருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்திருப்பதே விசேஷம். ஜாலான் தெங்கு கிளானாவில், நாம் லிட்டில் இந்தியா என்று சொல்லும் தெருவில், முதல் வேலை வாழையிலைச் சாப்பாடு.

வாழையிலைக் கடையின் கணக்கு ஒரு சிறுகதைக்கு வேண்டியதையெல்லாம் வைத்திருக்கிறது. பெரும்பாலான கடைகளில் சோறும் காய்களும் ரசமும் கேட்கக் கேட்க வரும். தனி விலை என்பது பெரிய தட்டில் வைத்துக் காட்டுவார்களே, பொரித்த மீன், இறால், நண்டு, ஆட்டிறைச்சி, அதற்குத்தான். பரிமாறுபவர் தட்டை நீட்டும் அந்த ஐந்து விநாடியில் அந்தக் குடும்பத்தின் மொத்தப் பொருளாதாரமும் வெளியே வந்துவிடும். பிள்ளை இறாலைப் பார்க்கும். அம்மா பிள்ளையைப் பார்ப்பாள். அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மீன் வைங்கண்ணே, நமக்கு ரசம் போதும்" என்பார். அம்மா தன் மீனில் பாதியைப் பிய்த்து அவர் இலையில் வைப்பாள். அவர் வேண்டாம் என்பார். வைத்தது வைத்ததுதான். சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கம் மடிக்கும்போது மனசு நிறைந்திருக்கும், நிஜமாகவே.

இதில் வறுமை இருக்கிறதா? இருக்கிறது. அன்பு இருக்கிறதா? அதுவும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியாது என்பதுதான் இந்தக் காட்சியின் பலம். நம் கதையாசிரியர் என்ன செய்வார்? இறால் கிடைக்காத பிள்ளையை அழவைப்பார். பிள்ளை அழவில்லை ஐயா. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு அடுத்து சென்டோல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

பரிசுக்கும் இதே போல் நுட்பமான விதிகள் உண்டு. தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடும் எதிர் வீடும் பெரும்பாலும் நம் ஆட்களே. தாமானுக்கு வந்தபிறகு ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், ஒரு பக்கம் சீனக் குடும்பம். தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டில் சுட்டதைக் கொடுக்கலாமா, ஹலால் முத்திரை உள்ள கடைப் பலகாரம் வாங்கிக் கொடுப்பதுதான் மரியாதையா? மலாய்க்கார அக்கா வீட்டு முறுக்கைத்தான் கேட்டு வாங்கினார் என்றால், அந்த வாக்கியத்துக்குள் எத்தனை வருடப் பழக்கம் இருக்கிறது! டப்பா ஒருநாளும் காலியாகத் திரும்பி வராது. நோன்புப் பெருநாளுக்குக் குவேயோடு வரும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வரும். சீனர்களின் சிவப்பு அங்பாவ் நம் வீட்டுக்கு வந்து ஊதா உறையாகி, தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் ஐந்து வெள்ளியாகவோ பத்து வெள்ளியாகவோ விழுகிறது. யாருக்கு ஐந்து, யாருக்குப் பத்து என்று முதல்நாள் இரவு அம்மா உறைகளைப் பிரித்து அடுக்குவாளே, அந்த அடுக்கைப் பார்த்தால் போதும். குடும்ப உறவுகளின் முழு வரைபடமும் அதில் தெரியும்.

கிணைமகள் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டாள். நாம் தீபாவளியன்று கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறோம். அதற்குப் பெயரே திறந்த இல்லம். திறந்து வைக்கும் அளவுக்கு வந்த பாதை எப்படிப்பட்டது, அன்றைக்கும் கதவைத் திறக்க முடியாத வீடுகள் எவை, திறந்திருக்கும் வீட்டில் யார் வந்தால் முகம் சுருங்குகிறது? ஒரு நாவலுக்குப் போதுமான கேள்விகள்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சந்தோஷத்தை எழுதுகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் மெனு எழுதிவிட்டு வருகிறார்கள். தே தாரிக் நுரை, ரொட்டி சானாய் மணம், மல்லிகைப்பூ, பட்டுச் சேலை, பழைய பாட்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து திறந்துவைக்க அதிகாரபூர்வ லிட்டில் இந்தியாவாக ஆனது. அலங்கார வளைவும் விளக்கும் வந்தன. அந்த வளைவுக்குக் கீழே நின்று எடுத்த புகைப்படம் மாதிரியே இருக்கின்றன பல கதைகளும் கவிதைகளும். எல்லாம் இருக்கிறது, ஆள் இல்லை. காசு யார் கொடுத்தார், யாருக்கு வாங்காமல் விட்டார்கள், பரிமாறும் அந்தத் தம்பி தன் ஊருக்கு என்ன அனுப்புகிறான் என்று எதுவும் இல்லை. வெளியூர்க்காரருக்குக் காட்டுவதற்காக எழுதிய சந்தோஷம் அது. துன்பத்தை அடையாள அட்டையாக்குவதும் சந்தோஷத்தைச் சுற்றுலா அட்டையாக்குவதும் ஒரே சோம்பலின் இரண்டு பக்கங்கள்.

ஒரு காட்சி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். பணம் யார் பையிலிருந்து போனது? எதை வேண்டாம் என்று விட்டார்கள்? வாங்கிக்கொண்டவர் அதற்குப் பிறகு என்ன செய்தார்? திறக்கப்படாத பெட்டிக் கதை மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடும். மெனுக் கவிதை முதல் கேள்வியையே தாண்டாது.

இது வெறும் கதைத் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டதல்ல. தாமானில் பிறந்து, பால்மரத்தைப் பள்ளிப் புத்தகத்தில் மட்டுமே பார்த்த ஒரு தலைமுறை இப்போது வாசிக்க வந்திருக்கிறது. உங்களில் பாதிப்பேர் அவர்கள்தான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுக்கக் கிள்ளான் கோமுட்டர் நிலையத்தில் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் "இதுக்குக் கொஞ்சம் கொறச்சலா காட்டுங்க அக்கா" என்று கூச்சத்தோடு கேட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கும். அதைத் தேடி நம் புத்தகங்களைத் திறந்தால் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது வாசகர் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: என் வாழ்க்கை எழுதுகிற அளவுக்குக் கனமானதில்லை. தாத்தா காலத்துத் துன்பம் எனக்கு இல்லை, அதனால் எனக்குக் கதையும் இல்லை.

அந்த முடிவை மாற்றுவது எழுதுகிறவர்கள் கையிலும் இருக்கிறது, விமர்சிக்கிறவர்கள் கையிலும் இருக்கிறது. அடுத்த போட்டியில் நடுவராக உட்காருகிறவர்கள், பாதி மீன் இலை மாறும் கதை ஒன்று வந்தால், "சம்பவம் எதுவும் இல்லையே" என்று ஒதுக்காமல் இன்னொரு முறை வாசிக்க வேண்டும். 1941இல் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள், யாரோடு போகிறார்கள், திரும்பும்போது கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் சம்பவம்தான்.