பொம்மையை விட்டு, கதவுக்கு வாருங்கள்

பழைய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றைக் கண்டால் எல்லோரும் முதலில் படம் எடுப்பது முன்னால் நிற்கும் பொம்மையைத்தான். சார்லஸ் சைக்ஸ் வடித்த அந்தச் சிலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1911-இல்தான் அது காரில் ஏறியது. காரின் பெருமை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கார்களைப் புரிந்துகொள்வது எளிது. அங்கே அன்று வீடு கட்ட பர்மாவிலிருந்து தேக்கு வந்து இறங்கும். அதை நிலையாகவும் கதவாகவும் ஆக்குவது ஆசாரியின் கை. பெரிய கார்களும் அப்படித்தான் உருவாயின. ரோல்ஸ் ராய்ஸ் விற்றது எஞ்சினும் சக்கரமும் ரேடியேட்டரும் பூட்டிய வெறும் சேஸிஸ். அதன்மேல் பாடி கட்ட வாங்கியவர் வேறு பட்டறைக்குப் போக வேண்டும். லண்டனில் பார்க்கர் போன்றவர்கள் கட்டினார்கள். மெட்ராஸில் 1840-இல் தொடங்கிக் குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்சன் கம்பெனி, கார்களுக்கும் பாடி கட்டியது. எனவே ஒரு காருக்கு இரண்டு கர்த்தாக்கள். இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சேஸிஸின் அருமை பானெட்டுக்குள் இருக்கிறது. 1906-இல் வந்து, பின்னர் சில்வர் கோஸ்ட் என்று பெயர் பெற்ற காரில் ஆறு சிலிண்டர்கள் மும்மூன்றாக இரண்டு தொகுதிகளில் நிற்கும். அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட் நீளமானது. வேகம் கூடினால் முறுகி அதிரும். ஹென்றி ராய்ஸ் அதை ஏழு பேரிங்குகளில் தாங்கவைத்து, எண்ணெயை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்குச் செலுத்தினார். 1907-இல் அந்தக் கார் 15,000 மைல் சோதனை ஓட்டத்தை முடித்து உலகப் பெயர் வாங்கியது இந்த உழைப்பால்தான். யாராவது எஞ்சினை ஓட்டிக் காட்டினால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இந்த எஞ்சின் பேர்பெற்றது சத்தத்துக்கு அல்ல, அமைதிக்கு.

இனி பாடி. உள்ளே மரச்சட்டம், பெரும்பாலும் ஆஷ் மரம். மேலே கையால் தட்டி வளைத்த தகடு. தொட விடமாட்டார்கள், தொடவும் வேண்டாம். கதவின் பக்கவாட்டில் குனிந்து, அதில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பின்தொடருங்கள். நெளியாமல், உடையாமல் ஓடினால் தகடு தட்டியவர் தேர்ந்தவர். பூச்சுக்குமேல் பூச்சாக அடித்து, ஒவ்வொன்றையும் தேய்த்து மெருகேற்றியவரின் பொறுமையும் அங்கேதான் தெரியும்.

டிரைவர் இருக்கையையும் பின் இருக்கையையும் ஒப்பிட மறக்காதீர்கள். முதலாளி கூரைக்குள், டிரைவர் பல கார்களில் வெயிலிலும் மழையிலும். அதனால்தான் முன்னால் தோல் உறை, பின்னால் மெத்தென்ற துணி. அழகோடு சேர்த்து இந்த வித்தியாசத்தையும் பார்ப்பதே முழுமையான ரசனை என்பேன்.

கோவையில் அவினாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் மியூசியம் பழைய கார்களைப் பார்த்துப் பழக நல்ல இடம். அங்கோ, சென்னையின் பழங்காலக் கார் கண்காட்சிகளிலோ, பொறுப்பாளரிடம் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கால் வைக்கும் படியோரத்தில் பல கார்களில் ஒரு சிறு பித்தளைத் தகடு இருக்கும். பாடி கட்டியவரின் பெயர் அதில்தான் இருக்கும்.