ஏசாவின் கூழும் பொறுமையின் நாற்காலியும்

ஆதியாகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தின் இறுதியிலுள்ள ஆறு வசனங்கள் நமது பிரசங்க பீடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுபவை. வேட்டையிலிருந்து இளைத்து வந்த ஏசா, ஒரு வேளைப் பயற்றங்கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை இளையவனுக்கு விற்றுவிடுகிறான். உடனடி இச்சைக்காக நித்திய நன்மையை இழந்தவன் என்று அவனைச் சுட்டிக்காட்டிப் பிரசங்கத்தை முடிப்பது நமக்கு எளிது. நானும் அவ்வாறே பல ஆண்டுகள் பிரசங்கித்து வந்தேன்.

கணியம்பாடிச் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். தோல் பதனிடும் தொழிலில், சுண்ணாம்புத் தொட்டிகளினருகே தம் வாலிபத்தைக் கழித்தவர். "ஐயரே, ஒரு சந்தேகம். கூழ் யார் சட்டியில் இருந்தது? பசி யார் வயிற்றில் இருந்தது? பசித்தவனை வைதீர்கள்; சட்டிக்காரனை ஒரு சொல்லும் சொல்லவில்லையே" என்றார். அன்று நான் கொடுத்த விடை எனக்கே திருப்தியளிக்கவில்லை. இக்கட்டுரை அவருக்கு நான் செலுத்த வேண்டிய கடனின் ஒரு பகுதி.

முதலில் திருமறைப் பகுதியையே நோக்குவோம். ஏசா கூழைக் கேட்கும் இடத்தில் எபிரெய மூலத்திலுள்ள வினைச்சொல் பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. பிற்கால யூதரின் வழக்கில் அது கால்நடைகளின் வாயில் தீனி திணிப்பதைக் குறித்தது. கூழ் என்ற பெயரைக்கூட அவன் சொல்லுவதில்லை. 'சிவப்பு' என்ற சொல்லையே இருமுறை சொல்லிக் கை நீட்டுகிறான். தமிழ்த் திருப்புதல்களில் இந்த வேகம் பெரும்பாலும் மறைந்து விடுகிறது. பின்னர் முப்பத்துநான்காம் வசனத்தில் தின்றான், குடித்தான், எழுந்தான், போனான், அசட்டைபண்ணினான் என ஐந்து வினைகள் மூச்சுவிடாமல் தொடர்கின்றன. ஆசிரியர் தமது தீர்ப்பை ஐந்தாம் வினையிலேயே வைத்திருக்கிறார். அவன் பசித்தான் என்பதற்காகவோ, உண்டான் என்பதற்காகவோ அவர் குற்றஞ்சாட்டவில்லை. வயிறு நிறைந்தபின்னும் தான் விட்டுக்கொடுத்தது எது என்று திரும்பிப் பாராமல் எழுந்து போனதையே குற்றமாகக் காண்கிறார். இவ்வேறுபாட்டை நமது பிரசங்கங்கள் கவனிப்பதில்லை.

யாக்கோபைக் குறித்து அவ்விடத்தில் ஆசிரியர் மௌனமாயிருப்பது மெய்யே. ஆனால் அந்த மௌனம் நெடுநாள் நீடிப்பதில்லை. மூத்தவனுடைய உரிமையை வாங்கியவனுக்கு லாபான் மூத்த மகளைக் கொடுத்து வஞ்சிக்கிறான். முப்பத்துமூன்றாம் அதிகாரத்தில் யாக்கோபு ஏழு முறை தரையில் விழுந்து வணங்கித் தமையனைச் சந்திக்கிறான். எனக்குப் போதுமானது இருக்கிறது என்று சொல்லுகிறவன் ஏசா. வாங்கிக்கொள்ளும்படி மன்றாடுகிறவன் யாக்கோபு. அவன் நீட்டுகிற வெகுமதிக்கு எபிரெயத்தில் நிற்கும் சொல், முன்பு அவன் தந்திரமாய்ப் பெற்ற 'ஆசீர்வாதம்' என்ற அதே சொல்லாகும். சட்டிக்காரனைப் பற்றிய முதியவரின் கேள்விக்குத் திருமறை விடை வைத்திருக்கிறது. எட்டு அதிகாரங்கள் பொறுத்திருந்து வாசிக்க வேண்டும், அவ்வளவே. எபிரெயருக்கு எழுதிய நிருபம் ஏசாவை எச்சரிப்பாகக் காட்டுவதும் உண்மை. ஆயின் அது யாருக்கு எழுதப்பட்டது? விசுவாசத்தினிமித்தம் உடைமைகள் கொள்ளைபோவதைச் சந்தோஷமாய்ச் சகித்தவர்களுக்கு என்று அதன் பத்தாம் அதிகாரமே கூறுகிறது. இழக்கத் துணிந்தவர்களிடம் சொல்லப்பட்டதை, இழக்க ஒன்றுமில்லாதவர்களிடம் அப்படியே சொல்லுவது வியாக்கியானமாகாது.

இனி ஜான் பனியனுக்கு வருவோம். 1678ல் வெளிவந்த மோட்சப் பிரயாண நூலில், வியாக்கியானியின் வீட்டில் ஒரு சிற்றறையில் இரண்டு பிள்ளைகள் நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றனர். மூத்தவனை இச்சை என்றும் இளையவனைப் பொறுமை என்றும் நாம் அழைக்கலாம். நல்லவற்றை அடுத்த ஆண்டின் தொடக்கம்வரை பொறுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பது ஆளுநரின் கட்டளை. இச்சைக்கு அது பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் பொக்கிஷப் பை ஒன்றைக் கொண்டுவந்து அவன் காலடியில் கொட்டுகிறார். அவன் அள்ளி மகிழ்ந்து, தம்பியை ஏளனம் செய்து, விரைவில் யாவையும் அழித்துக் கந்தையோடு நிற்கிறான். (அடுத்த ஆண்டின் தொடக்கம் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நமது சபைகளின் டிசம்பர் 31ஆம் நாள் இரவு ஆராதனை நினைவுக்கு வரும். வாக்குத்தத்த அட்டையை எடுத்தவுடன் பலர் தேடுவது அந்தப் பையைத்தான்!)

படம் அழகியது, எனினும் இரு குறைகள் அதில் உண்டு. பை எங்கிருந்து வந்தது என்று பனியன் கூறவில்லை. நமது பகுதியில் அக்கேள்வியை விட்டுவிட இயலாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 28.8.1996ல் தீர்ப்பளித்தபோது, அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழில் என்பதை ஒப்புக்கொண்டே, அதனால் சுற்றுச்சூழலைக் கெடுக்கும் உரிமை வந்துவிடாது என்று கூறிற்று. பை ஒருவர் காலடியில் கொட்டப்பட்டது; சேஷ்டபுத்திரபாகத்தை இழந்தவர்களோ இன்னும் பிறவாத பிள்ளைகள். இச்சையின் பாவத்தைக் கூலிக்காரனுடைய வயிற்றில் மட்டும் தேடுகிற பிரசங்கம் இதைக் காண்பதில்லை.

இரண்டாவது குறை, பொறுமைக்குப் பசியே எடுப்பதில்லை என்பது. அமைதியாய் அமர்ந்திருப்பதன்றி அவன் வேறொன்றும் செய்வதில்லை. இங்கே பனியனுடைய வாழ்க்கை அவருடைய உருவகத்தைவிட உயர்ந்து நிற்கிறது. 1660ல் சிறைப்பட்ட அவர், இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகள் கொடுக்கவில்லை. கண் தெரியாத மகளை நினைந்து சிறையில் வருந்தியதைத் தம் கையாலேயே எழுதிவைத்தார். குடும்பத்தைக் காப்பாற்ற நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தும் வேலையைச் சிறையிலேயே செய்தார். காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் நமது பெண்களுக்கு இவ்வேலையின் அருமை தெரியும். காத்திருந்த பனியன் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கவில்லை. அன்றன்றைய கூழுக்கும் உழைத்தார்.

தமிழில் இக்கதையைக் காப்பியமாக்கிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இன்னும் ஒருபடி ஆழமாகச் சென்றார் என்பது என் கருத்து. 1827ல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, 1858ல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். 1894ல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் வெறும் மொழிபெயர்ப்பன்று. பனியனிடத்தில் அவ்வளவு விரிவாக இல்லாத ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை அவர் காப்பியத்தின் நடுவே நிறுத்தினார். தேவாரம் என்ற பெயரில் இசைப்பாடல்களை இடையிடையே அமைத்தார். இதனால் நூலின் போக்கே மாறுகிறது. பனியனின் அறையில், பிந்தி வருவது நிலைத்திருக்கும் என்பதே காத்திருப்பதற்கான காரணம். அது ஒருவகையில் நல்ல வட்டிக்கணக்கு. கிருஷ்ண பிள்ளையின் யாத்திரிகனோ தனக்காகப் பாடுபட்டவர்மேலுள்ள அன்பினால் நடக்கிறான். இந்திரலோகம் ஆளும் பேறும் வேண்டாம் என்று திருமாலையில் பாடிய தொண்டரடிப்பொடியாழ்வாரின் மரபில் வளர்ந்த செவிக்கு, பலனை எண்ணிப் பொறுத்திருப்பது சிறியதாகவே தோன்றியிருக்கும். ஆவிக்குரிய ஆசீர்வாதம் என்பது தாமதமாக வரும் உலக ஆசீர்வாதம் அன்று என்பதை இக்காப்பியத்தைக் கொண்டு கற்பிக்கலாம். ஆனால் நமது இறையியல் மாணவருள் அதை முழுவதும் வாசித்தவர் எத்தனை பேர்?

வட்டிக்கணக்கு வேலூர் வரலாற்றையும் விட்டுவைக்கவில்லை. டாக்டர் ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் வாழ விரும்பிய இளம்பெண். திண்டிவனத்தில் ஓரிரவு மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் துன்புறும் தத்தம் மனைவியருக்கு உதவ அழைத்தனர். ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் மாண்டனர். அவர் மருத்துவம் பயின்று 1900ல் திரும்பினார்; 1902ல் வேலூரில் மருத்துவமனையும் 1918ல் மருத்துவப் பள்ளியும் எழுந்தன. இதைக் கூறும் பிரசங்கியார், தம் ஆசையை விட்டார், தேவன் அவருக்கு எவ்வளவு பெரிய நிறுவனத்தைக் கொடுத்தார் பாருங்கள் என்று முடிக்கிறார். அந்தக் கணக்கில் அம்மூன்று பெண்களுக்கு இடம் ஏது? அவர்களுக்கு எதுவும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. ஐடா அம்மையார் மனம் மாறியது அவர்களுடைய மரணத்தைக் கண்டே. வரப்போகும் கட்டடங்களை அவர் அன்று காணவில்லை.

2014 முதல் இப்பகுதியில் நாகநதியை மீட்கும் பணி நடைபெற்றது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிராமப் பெண்கள் நீர்செறிவுக் கிணறுகள் தோண்டினர். அன்றைய கூலி அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. தோண்டிய கிணற்றில் நீர் இறங்கி ஊறுவதற்கோ மழைக்காலங்கள் பல கடக்கவேண்டும். பனியனின் அறையில் இவர்களை எந்த நாற்காலியில் அமர்த்தலாம் என்று என் வகுப்பில் கேட்டேன். மாணவர்கள் நெடுநேரம் வாதாடி, இரண்டும் பொருந்தவில்லை என்றனர். அடுத்த முறை ஏசாவைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது அங்கிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன், அம்முதியவரும் வந்திருப்பார்.