கண்டதும் கேட்டதும் புனைந்ததும்: பிறர் எழுதித் தரும் போர் நினைவு நூல்களில் தன்மை இடம்

முன்னுரை

போர்க்களத்தினின்று மீண்ட வீரர் தம் அனுபவத்தைச் சொல்ல, எழுத்துத் தொழிலில் தேர்ந்த ஒருவர் அதனை நூலாக்கித் தருவது ஆங்கிலப் பதிப்புலகில் நிலைபெற்ற வழக்கம். இத்தகைய நூல்களின் உண்மைத்தன்மை பற்றிய விவாதம் பெரும்பாலும் 'வீரர் பொய் சொன்னாரா?' என்ற ஒற்றை வினாவில் அடங்கிவிடுகிறது. அவ்வினா போதாது. சொன்னவர் ஒருவர், சொற்களை அமைத்தவர் வேறொருவர் என்னும்போது, 'நான் கண்டேன்' என்ற தொடருக்குப் பொறுப்பாளர் யார் என்பதே முதலில் தெளியவேண்டுவது. மார்க்கஸ் லட்ரெல், பேட்ரிக் ராபின்சன் ஆகிய இருவர் பெயரிலும் 2007இல் வெளிவந்த 'லோன் சர்வைவர்' என்னும் நூலை முன்வைத்து இச்சிக்கல் இங்கு ஆராயப்படுகிறது.

நிகழ்வும் நூலும்

2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மாகாண மலைப்பகுதியில், அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' சிறப்புப் படையினர் நால்வர் அகமது ஷா என்பவரின் ஆயுதக் குழுவினரால் தாக்கப்பட்டனர். மைக்கேல் மர்ஃபி, டேனி டீட்ஸ், மேத்யூ ஆக்சல்சன் ஆகிய மூவர் இறந்தனர். துணைக்கு வந்த ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டதில் மேலும் 16 பேர் மாண்டனர். நால்வருள் எஞ்சியவர் லட்ரெல் மட்டுமே. நூலை உடன் எழுதிய ராபின்சன் அக்களத்தில் இருந்தவர் அல்லர். 'நிமிட்ஸ் கிளாஸ்' முதலிய கடற்படைப் பரபரப்பு நாவல்களால் அறியப்பட்டவர். எனினும் நூலின் துணைத் தலைப்பு அதனை நேரில் கண்டவரின் விவரிப்பு என்றே அறிவிக்கிறது. அதே துணைத் தலைப்பில் 'ரெட் விங்ஸ்' என்னும் நடவடிக்கையின் பெயர் 'ரெட்விங்' எனத் திரிந்திருப்பது கருதத்தக்கது.

எண்ணிக்கைச் சிக்கல்

எதிரிகளின் எண்ணிக்கையில் வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகிறது. ஷாவின் படை 80 முதல் 200 பேர் வரை இருக்கும் எனப் புறப்படுமுன் தமக்குச் சொல்லப்பட்டதாக நூல் கூறுகிறது. மர்ஃபியின் மறைவுக்குப் பின் 2007இல் வழங்கப்பட்ட உயரிய வீரவிருதின் பாராட்டுரை, தாக்கியோர் 30 முதல் 40 பேர் என்கிறது. உளவுத் தகவல்களையும் தாக்கியவர்களே எடுத்த ஒளிப்பதிவுகளையும் ஆராய்ந்த எட் டாராக், 2009இல் வெளியிட்ட 'விக்டரி பாயிண்ட்' நூலில் 8 முதல் 10 பேர் எனக் கணிக்கிறார்.

இவ்வேறுபாட்டைப் பொய் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நேர்மையாகாது. உயரத்திலிருந்து பல திசைகளில் குண்டுகள் பாயும்போது, காயமுற்ற ஒருவரால் எண்ணிக்கொண்டிருக்க இயலாது. மயக்கம் அனுபவத்துக்கு இயல்பே. அம்மயக்கத்தைத் துணிபாக மாற்றும் உரைநடையே திறனாய்வுக்கு உரியது. முன்னரே செவிவழி வந்த மதிப்பீடும் களத்தில் கண்ட காட்சியும் ஒரே 'நான்' குரலில், ஒரே உறுதியுடன் வரும்போது, எது கேட்டது, எது கண்டது என்னும் எல்லை வாசகருக்கு மங்கிவிடுகிறது.

சான்றுநிலையும் பொறுப்பும்

'அவன் வந்தான்', 'அவன் வந்தானாம்' என்னும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தமிழர் எவரும் உணர்வர். பின்னதில் உள்ள 'ஆம்' என்னும் ஈறு, செய்தி பிறர்வழி வந்தது என்பதைக் காட்டிப் பேசுவோரின் பொறுப்பை வரையறுக்கிறது. மொழியியலார் இதனைச் சான்றுநிலை என்பர். துருக்கி மொழியின் இறந்தகால வினையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஆங்கில வினைமுற்றில் இதற்கெனத் தனி உருபு இல்லை; தனிச் சொற்களாலேயே உணர்த்தவேண்டும். எழுதித் தருபவர் நடையின் விரைவு கருதி அச்சொற்களை நீக்கினால், கேள்விச் செய்தி காட்சிச் செய்தியாகிவிடும்.

எர்விங் கோஃப்மன், பேசுபவர் என்னும் ஒருவருக்குள் மூன்று பங்குகளைப் பிரித்தார்: ஒலிப்பவர், சொற்களைத் தெரிந்து அமைப்பவர், சொல்லப்பட்ட நிலைப்பாட்டுக்கு உரியவர். இந்நூலில் சொல்லமைப்பில் தொழில்முறை நாவலாசிரியரின் பங்கு உண்டு. பொறுப்போ முழுமையாக வீரர்மேல் விழுகிறது. ஆசிரியர், கதைசொல்லி, கதைமாந்தர் ஆகிய மூவரும் ஒருவரே என்னும் உறுதிமொழியைத் தன்வரலாற்றின் அடிப்படையாக ஃபிலிப் லெஜன் 1975இல் வகுத்தார். அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தும், உள்ளே ஒரே 'நான்' பேசும்போது அவ்வுறுதிமொழி தளர்கிறது.

இறந்தவரின் சொற்கள்

எண்ணிக்கையைவிட ஆழமான சிக்கல் உரையாடல்களில் உள்ளது. மலையில் எதிர்ப்பட்ட ஆடு மேய்ப்பவர்களைக் கொல்வதா விடுவிப்பதா என்பதை மர்ஃபி வாக்கெடுப்புக்கு விட்டதாக நூல் சித்திரிக்கிறது. குழுத் தலைவராகிய தம் மகன் அவ்வாறு செய்திருக்கமாட்டார் என அவருடைய தந்தை வெளிப்படையாக மறுத்தார். நினைவிலிருந்து எடுத்துரைக்கப்படும் நேர்க்கூற்று பெரும்பாலும் கட்டமைக்கப்பட்ட உரையாடலே என்று டெபோரா டானென் 1989இல் விளக்கினார். அன்றாடப் பேச்சில் அது இயல்பு. கேட்பவரும் அவ்வாறே கொள்வர். ஆனால் மேற்கோள் குறிகளுக்குள் அச்சேறி, பேசியதாகக் கூறப்படும் மூவரும் உயிரோடு இல்லாத நிலையில், கட்டமைப்பு ஆவணத்தின் தகுதியைப் பெற்றுவிடுகிறது. ஒரு தலைவரின் தீர்ப்புத் திறனும் ஒரு குடும்பத்தின் நினைவும் அதில் சிக்குகின்றன. 2013இல் வந்த திரைப்படம் இவ்விவரிப்பை மேலும் பரப்பியது.

உயிருடன் இருந்த இன்னொரு சாட்சியின் நிலையும் எண்ணத்தக்கது. லட்ரெலுக்கு அடைக்கலம் தந்த பஷ்தூன் கிராமத்தவரான குலாப், நூலில் பிறர் மொழியின்வழியே பேசுகிறார். 2016இல் 'நியூஸ்வீக்' இதழ்வழி அவர் தந்த விவரம் நூலினின்று சில இடங்களில் மாறுபட்டது.

முடிவுரை

லட்ரெலின் துணிவோ இழப்போ இவ்வாய்வால் குறைவுபடாது. அவர் அடைந்த துயருக்கு மிகையான எண்கள் தேவையில்லை. பத்துப் பேர் தாக்கினும் அம்மூவரின் மரணம் மரணமே. எழுதித் தருபவர் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், நினைவிலிருந்து மீட்டமைத்ததை அவ்வாறே எனவும் பிரித்துரைத்தால், நூலின் விறுவிறுப்பு சற்றுக் குறையலாம், நம்பகத்தன்மை கூடும். 'எனக்கு அவ்வாறு தோன்றியது' என்னும் ஒரு சிறுதொடர், வீரரைப் பொய்யர் என்னும் பழியிலிருந்தும், இறந்தவரைத் தாம் சொல்லாத சொற்களிலிருந்தும் காக்க வல்லது. அத்தொடரை நீக்கும் உரிமை எழுதித் தருபவருக்கு இல்லை.