விவிலியக் கல்வியும் ஊழியப் பயிற்சியும்: இறையியற் பட்டநெறிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இறையியற் கல்வி திருச்சபைகளின் உள்விவகாரம் என்ற எண்ணம் எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கிறிஸ்தவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பற்றிப் பல கட்டுரைகள் எழுந்துள்ளன. ஆயின் கிறிஸ்தவ குருமார் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றனர், அக்கல்வி அவர்களை யாருக்காகத் தயார் செய்கின்றது என்னும் வினாக்கள் தமிழியல் ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்ததில்லை. ஒரு பழைய நூலை எவ்வாறு வாசிப்பது, அந்த வாசிப்பை எந்த மொழியில் எந்த மக்களுக்கு எடுத்துரைப்பது என்பன எல்லா இலக்கியக் கல்விக்கும் பொதுவான பிரச்சினைகளாகும். அந்த வகையில் இறையியற் பட்டநெறிகள் எமது விமர்சனத்துக்கும் உரியவையே.

தென்னாசியப் புரட்டஸ்தாந்து திருச்சபைகளின் இறையியற் பட்டங்களுள் செராம்பூர்ப் பட்டங்கள் முக்கியமானவை. கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகிய மூவரும் 1818இல் செராம்பூர்க் கல்லூரியை நிறுவியபோது கீழைத்தேய இலக்கியத்தையும் ஐரோப்பிய விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்பிப்பதே அவர்களது நோக்கமாயிருந்தது. 1827இல் டென்மார்க் மன்னரின் சாசனம் பட்டமளிக்கும் உரிமையைத் தந்தது. 1915இல் முதலாவது இறையியற் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் வேறு கல்லூரிகளும் அதனோடு இணைந்தன. எமது நாட்டில் 1963இல் பிலிமத்தலாவையில் தோன்றிய இலங்கை இறையியற் கல்லூரியும் அவ்வாறு இணைந்ததே.

இப்பட்டநெறியின் அமைப்பை நோக்குமிடத்து, அது இரு பகுதிகளாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். எபிரேயம், கிரேக்கம், பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கோட்பாடு என்பன ஒருபுறம். பிரசங்கக்கலை, மேய்ப்புப்பணி, கிறிஸ்தவக் கல்வி, களப்பயிற்சி என்பன மறுபுறம். முன்னையது அறிவு என்றும் பின்னையது செயல்திறன் என்றும் கருதப்படுகின்றது. இவ்விரண்டும் தத்தம் அளவில் செவ்வனே கற்பிக்கப்படலாம். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பாதை கற்பிக்கப்படுவதில்லை என்பதே எமது முதன்மையான குற்றச்சாட்டாகும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஏசாயா ஆகமத்தின் ஏழாம் அதிகாரத்திலே, பிறக்கவிருக்கும் குழந்தையின் தாயைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'இளம்பெண்' எனப் பொருள்படுவது. கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைக் 'கன்னி' எனப் பெயர்த்தது; மத்தேயு சுவிசேஷம் அந்தக் கிரேக்க வடிவத்தையே மேற்கோளாகக் கொண்டது. தமிழில் 1871ஆம் ஆண்டுத் திருத்திய மொழிபெயர்ப்பு 'கன்னிகை' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'இளம்பெண்' என்றது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் போர் அச்சத்தில் நடுங்கிய ஆகாஸ் அரசனை நோக்கிக் கூறப்பட்ட அரசியல் வாக்கு, பிற்காலச் சமூகமொன்றின் நம்பிக்கையில் எவ்வாறு புதுப்பொருள் பெற்றது என்பதை இதனால் அறியலாம். பட்டநெறி மாணவர் இதனை நன்கு கற்கின்றனர். பரீட்சையில் தெளிவாக எழுதுகின்றனர். ஆனால் நத்தார் ஆராதனையில், இரு தமிழ்ப் பெயர்ப்புகளும் ஏன் வேறுபடுகின்றன என வினவும் ஒரு விசுவாசிக்கு அவர் என்ன கூறுவார்? பெரும்பாலும் மௌனமே விடையாகின்றது.

இம்மௌனத்தைத் தனிமனித நேர்மைக்குறைவு எனத் தள்ளிவிடுவது மேலோட்டமான நோக்காகும். இதற்குச் சமூக அடிப்படை உண்டு. குருவானவரின் வேதனமும் இடமாற்றமும் சபையில் செல்வாக்குடையோரின் விருப்பு வெறுப்புக்களோடு பின்னிப்பிணைந்தவை. பழகிய பொருளைக் கேட்கவே அவர்கள் விரும்புவர். மறுபுறம், விமர்சன முறையின் கலைச்சொற்களும் துணைநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள. பட்டப்பின் படிப்பும் பெரும்பாலும் அம்மொழியிலேயே நிகழ்கின்றது. இதனால் பட்டதாரி இரு இறையியல்களை உடையவராகின்றார்: ஒன்று பரீட்சை மண்டபத்துக்கு, மற்றையது பிரசங்க பீடத்துக்கு. இதன் இழப்பு முழுவதும் சாதாரண விசுவாசிகளுக்கே. நூலின் வரலாற்றை அறியாத வாசிப்பு எழுத்தெழுத்தாய்க் கொள்ளும் வாசிப்பாகச் சுருங்குகின்றது. கீழ்ப்படிதலை வற்புறுத்தும் வசனங்கள் பெண்களுக்கும் தொழிலாளருக்கும் எதிராக எடுத்தாளப்படும்போது, அவற்றை அவை எழுந்த காலத்தில் வைத்து நோக்கும் கருவி அவர்களிடம் இருப்பதில்லை. கருவியை உடையவரோ வாய் திறப்பதில்லை.

இப்பிரச்சினை எமது மண்ணுக்குப் புதிதன்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, டானியல் பூவரின் தலைமையில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், வேதாகமம் ஆகியவற்றை ஒருங்கே கற்பித்தது. ஆங்கிலம் கற்றோர் ஊழியத்தைவிட அரசாங்க உத்தியோகத்தையே நாடினர் என்ற குறை எழுந்தது. ரூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழுவின் வருகையை அடுத்து 1855இல் செமினரி மூடப்பட்டது. எத்தனை ஊழியரைத் தந்தது என்ற ஒரே அளவுகோலால் அது மதிப்பிடப்பட்டது. அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராக நின்று, ஏடுகளை ஒப்புநோக்கி வீரசோழியத்தையும் (1881) கலித்தொகையையும் (1887) பதிப்பித்தார். பாடபேதங்களை ஒப்பிட்டு மூலத்தைத் துணியும் அத்தொழில், விவிலிய மூலபாட ஆய்வாளரின் தொழிலுக்கு நெருங்கிய உறவுடையது. ஊழியத்துக்கு உடனடியாகப் பயன்படாத கல்வி வீண் எனக் கொண்டோர், ஊழியத்துக்கே வேண்டிய புலமை எங்கிருந்து வரும் என்பதைச் சிந்திக்கவில்லை. குறுகிய காலத்தில் ஊழியரை உருவாக்கித் தருவதாகக் கூறும் இன்றைய பயிற்சிநெறிகளும் அதே அளவுகோலையே கையில் கொண்டுள்ளன.

உண்மையில், இரு பகுதிகளையும் இணைக்கக்கூடிய மரபு தமிழில் ஏற்கெனவே உண்டு, அது உரைமரபாகும். சொல்லுக்குப் பொருள் கூறி, பாடபேதம் சுட்டி, பிறர் கொள்கையை மறுத்து, கற்போன் எழுப்பக்கூடிய ஐயத்தைத் தானே எழுப்பி விடையிறுப்பது உரையாசிரியர் வழக்கம். நுண்ணிய ஆய்வும் எடுத்துரைக்கும் திறனும் அங்குப் பிரிந்து நிற்பதில்லை. விவிலிய மொழிபெயர்ப்பு வரலாறும் இத்தகைய பயிற்சிக்கு வளமான களமாகும். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றதை 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995ஆம் ஆண்டுப் பெயர்ப்பு 'கடவுள்' என்றது. இச்சொற்களின் பின்னால் சைவத்தோடும் வடமொழியோடும் தனித்தமிழுணர்வோடும் திருச்சபை கொண்ட உறவின் வரலாறு அடங்கியுள்ளது. பேர்சிவலோடு ஆறுமுக நாவலர் உழைத்து 1850இல் வெளிவந்த வேதாகமம் திருச்சபைகளிடையே பரவலான ஏற்பைப் பெறாமையும் இங்கு ஆராயத்தக்கது. எபிரேயமும் கிரேக்கமும் கற்கும் மாணவர் இவற்றையும் அதே கண்டிப்போடு கற்பாராயின், மூலமொழி அறிவு சபையின் மொழியை வந்தடையும்.

நம்பிக்கையூட்டும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1972இல் இறையியற் கல்வி நிதியத்தின் சார்பில் தைவானைச் சேர்ந்த ஷோக்கி கோ முன்வைத்த 'சூழமைவு' என்னும் கருத்து, மேலைத்தேயப் பாடத்திட்டத்தை அவ்வாறே பின்பற்றுவதை வினாவுக்கு உட்படுத்தியது. பிலிமத்தலாவையில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. 1969இல் உருவான மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியற் கல்லூரி தமிழ்வழிக் கல்வியை வளர்த்ததோடு, மாணவர் வளாகத்துக்கு வெளியே எளிய மக்களிடையே தங்கிக் கற்கும் ஒழுங்கையும் ஏற்படுத்தியது. அங்குக் கற்பித்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையில் வழிபாட்டையே அமைத்தார். 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்கு வித்திட்டது. ஆயினும் இவை பாடத்திட்டத்தின் ஓரத்தில் தனிப் பாடங்களாக ஒதுக்கப்படும் அபாயம் உண்டு. 'தலித் இறையியல்' வினாத்தாளில் உயர்புள்ளி பெற்றவர், சாதிக்கொரு மயானம் வைத்திருக்கும் சபையில் வாளாவிருப்பாராயின், பழைய பிளவு புதிய பெயரோடு தொடர்கின்றது என்றே கொள்ளவேண்டும்.

ஆகவே, பாடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது பரிகாரமாகாது. பரீட்சையின் இயல்பு மாறவேண்டும். ஒரு விவிலியப் பகுதியை மூலமொழியில் ஆராய்ந்து, தமிழ்ப் பெயர்ப்புகளை ஒப்பிட்டு, தோட்டத் தொழிலாளரோ மீனவரோ அமர்ந்திருக்கும் சபையில் அந்த ஆய்வை மறைக்காது எடுத்துரைத்து, அவர்களின் வினாக்களுக்கு விடையளிக்கும் திறனே பட்டத்துக்குரிய சோதனையாக அமையவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் கற்பிப்போரும், இறையியற் கல்லூரிகளும் இதில் ஒன்றிணைந்து செயற்படுதல் வேண்டும். அறிஞர் அறிந்ததை மக்கள் அறியலாகாது என்று கருதும் கல்வி, எச்சமயத்தின் பெயரால் நடைபெறினும், மக்கள் கல்வியாகாது. எளியோருக்கு நற்செய்தி அறிவிப்பதைத் தன் பணியாகக் கூறும் ஒரு கல்விக்கு இக்கண்டனம் மேலும் பொருந்துவதாகும்.