பெண்பால் விகுதியும் பொருளுடைமையும்: லத்தீன் டிராப் பாடல்களை முன்வைத்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், குறிப்பாக அட்லாண்டா நகரில், கறுப்பினக் கலைஞர்களிடையே உருவான இசைவகை டிராப் ஆகும். போதைப்பொருள் விற்கப்படும் வீட்டைக் குறித்த வழக்குச்சொல்லே அதற்குப் பெயராயிற்று. 2010களில் அது புவேர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானிய மொழியில் வேரூன்றியபோது, பாடல் தலைவனின் பெருமைக்குப் பணமே அளவுகோலாக நின்றது. பெண்ணோ பெரும்பாலும் அப்பணத்தால் பெறப்படும் பொருள்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டாள். இந்நிலையில், பெண் பாடகியர் பணத்தைப் பாடுபொருளாக்குவது விடுதலைக் குரலா, ஆடவர் குரலின் எதிரொலியா என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்கு விடைகாணச் சொல்லாட்சி துணைசெய்யும். ‘பிச்சோத்தே’ என்பது புவேர்ட்டோ ரிக்கோவின் தெருவழக்கில் போதைப்பொருள் வணிகத் தலைவனைக் குறிக்கும் சொல். ‘பிக் ஷாட்’ என்னும் ஆங்கிலத் தொடரின் திரிபு அது என்பர். கொலம்பியாவின் மெடலின் நகரைச் சேர்ந்த கரோல் ஜி, அதன் விகுதியை மாற்றி 2020இல் ‘பிச்சோத்தா’ என்னும் பாடலை வெளியிட்டார். அப்பாடல் ரெகேட்டோன் தாளத்தில் அமைந்ததாயினும், சொல் டிராப் உலகிற்கும் உரியதே. விகுதி மாறியதும் குற்றப்பொருள் பின்தள்ளப்பட்டு, தன்னம்பிக்கை மிக்கவள் என்னும் பொருள் மேலோங்கியது. அர்ஜென்டினாவின் கஸ்ஸு, தலைவி எனப் பொருள்படும் ‘ஹெஃபா’ என்னும் பெயரால் போற்றப்படுவதும் இவ்வகையினதே. எனினும் விகுதி மாறிய அளவிற்குப் பகுதி மாறவில்லை என்பது நோக்கத்தக்கது. தலைவி என்னும் சொல் தனக்குக் கீழ்ப்பட்டோரையும் உடன்கொண்டே வருகிறது.

ஆயின், பணம் எல்லா இடத்தும் ஒரே பணியைச் செய்வதில்லை. கரோல் ஜி 2017இல் பேட் பன்னியுடன் பாடிய டிராப் பாடலின் தலைப்பு, ‘இப்போது என்னை அழைக்கிறான்’ எனப் பொருள்படுவது. அத்தகைய அழைப்பை மறுக்கும் உரிமை, அவனைச் சார்ந்து வாழ வேண்டாதவளுக்கே எளிதில் கைகூடும். புவேர்ட்டோ ரிக்கோவின் யங் மீக்கோ, பச்சை குத்தும் தொழிலில் ஈட்டிய வருவாயைக் கொண்டே தம் தொடக்ககாலப் பாடல்களைப் பதிவு செய்தார். இங்குப் பணம் புகழின் விளைவாக அன்றி, குரலுக்கான முதலாக அமைகிறது. கரோல் ஜியின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பு, பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பெற்ற, பெண் ஒருவரின் முதல் ஸ்பானிய மொழித் தொகுப்பாகும். அவர் தம் இசை நிறுவனத்திற்கும் ‘பிச்சோத்தா’ என்னும் பெயரையே சூட்டினார். விகுதி மாற்றமாகத் தொடங்கியது உடைமை மாற்றமாக முதிர்ந்தமையை இதிற் காணலாம்.

நகையும் ஊர்தியும் பேசும் பெண் பாடல்களை நுகர்வு மோகம் என ஒதுக்கும் திறனாய்வாளர், அதே அளவுகோலை ஆடவர் பாடல்களுக்கும் பயன்படுத்தினரா எனத் தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். செல்வக் காட்சி அனைத்தையும் பெண்ணாற்றல் எனக் கொள்வதும் பொருந்தாது. மறுப்பதற்கும், தன் குரலைத் தன் உடைமையாகக் காப்பதற்கும் பணம் துணைநிற்கும் இடத்திலேயே அது ஆற்றலாகிறது. அவ்வாற்றல் ஒருத்தியின் உயர்வோடு நின்றுவிடாமல் பிற பெண்டிரையும் பங்காளராக்கும்போதுதான் பகுதியும் பொருள் மாறும் எனலாம்.